மனதை விட்டுப் போகாத நாவல்கள்

சில நாவல்களைப் படித்து முடித்ததும் மூடி வைத்துவிடலாம். அடுத்த வாரம் கதாநாயகன் பெயர் கூட நினைவில் இருக்காது. ஆனால் சில நாவல்கள் அப்படி விடுவதில்லை. பத்து வருடம் கழித்தும் பேருந்தில் போகும்போது திடீரென்று ஞாபகத்துக்கு வரும். ஏன்?

"அழ வைத்தது, அதனால் மறக்கவில்லை" என்பது பலரும் சொல்லும் பதில். அது பாதி உண்மைதான். தொலைக்காட்சித் தொடர்கள் தினமும் அழ வைக்கின்றன. அவற்றில் எத்தனை நினைவில் இருக்கின்றன?

வட ஆற்காட்டு மண்ணிலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு'. 1958-இல் வெளிவந்து, 1961-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற நாவல். மு.வ. 1912-இல் பிறந்ததும் இந்தப் பக்கம்தான். கதை நடக்கும் வாலாஜா, 2019-இல் வேலூரிலிருந்து பிரிந்த இராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது.

கதை எளிது. சந்திரன், வேலய்யன் என்று இரண்டு நண்பர்கள். சந்திரன் அழகன், அறிவாளி, எல்லோருக்கும் செல்லம். வேலய்யன் சாதாரண மாணவன். கல்லூரியில் ஒரு பெண்ணின் நட்பைக் காதல் என்று எண்ணி ஏமாறும் சந்திரன், ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் காணாமல் போகிறான். பிறகு கிடைத்தாலும் பழைய சந்திரனாக இல்லை. மனம் போன போக்கில் வாழ்ந்து, கடைசியில் தொழுநோய்க்கு ஆளாகிறான். மெதுவாக எரிந்த வேலய்யன்தான் நிலைத்து நிற்கிறான்.

இந்த நாவலில் அறிவுரை அதிகம் என்பது நெடுநாளைய விமர்சனம். நியாயமான விமர்சனமும் கூட. பக்கம் பக்கமாக நீதி பேசுவார்கள். ஆனால் படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த நீதிகளில் ஒன்று கூட நினைவிருக்காது. சந்திரன் மட்டும் நினைவில் இருப்பான்!

காரணம், கதையைச் சொல்பவன் வேலய்யன். சந்திரன் கெட்டுப்போவதை நாம் நண்பனின் கண்ணால் பார்க்கிறோம். பார்க்க முடிகிறது, தடுக்க முடியவில்லை. "அன்றைக்கே ஒரு வார்த்தை பேசியிருந்தால்?" என்ற கேள்வி புத்தகத்தை மூடிய பின்பும் மிஞ்சுகிறது. அழுகை அன்றோடு முடிந்துவிடும். பதில் கிடைக்காத கேள்வி முடிவதில்லை.

இன்னொரு காரணம், சந்திரன் எல்லா ஊரிலும் இருக்கிறான். ஒடுகத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக் கூட்டத்திலும், ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் வண்டியிலும், ஒரு காலத்தில் வகுப்பில் முதலாவதாக வந்த ஒருவனைப் பார்க்க முடியும். உழைத்துச் சாப்பிடுவதில் குறைவே இல்லை. ஆனால் அவன் படிப்பு ஏன் நின்றது? சிலருக்கு வீட்டுக் கடன், சிலருக்குத் தந்தையின் நோய், சிலருக்குச் சந்திரனைப் போல மனம் உடைந்த ஒரு நாள். உடன் படித்தவர்கள் யாரும் போய்க் கேட்டிருக்க மாட்டார்கள். மு.வ. சந்திரனின் வீழ்ச்சிக்கு அவன் குணத்தையே காரணமாகக் காட்டினார். இன்றைய வாசகர் வறுமையையும் சேர்த்துப் பார்ப்பார். ஆனாலும் வேலய்யனின் வலி மாறுவதில்லை.

நாவல் வாழ்க்கைக்குள் நுழைவது புதிதல்ல. நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' படித்த பலர் தங்கள் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மனியில் 1774-இல் கதே எழுதிய 'வெர்தர்' நாவலைப் படித்த இளைஞர்கள், அதன் நாயகனைப் போலவே நீலக் கோட்டும் மஞ்சள் உள்சட்டையும் அணிந்து திரிந்தார்கள். பெயரும் உடையும் வெளியே தெரியும் அடையாளங்கள். 'அகல் விளக்கு' போன்ற நாவல் விட்டுச் செல்லும் அடையாளம் வெளியே தெரியாது.

ஆக, நெகிழ வைக்கும் நாவல் நிலைப்பது அதன் சோகத்தால் மட்டும் அல்ல. நமக்குத் தெரிந்த ஒருவரின் முகத்தை அது காட்டுவதால். அந்த ஒருவர் இன்னும் நம் ஊரில் இருந்தால், நாவல் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் இன்னும் இருக்கிறது. நின்று, "எப்படி இருக்கே?" என்று கேட்டாலே போதும்.