மேற்கு நோக்கிய பஸ்

இஸ்தான்புல்லிலிருந்து காத்மாண்டு வரை தரைவழியாகப் போன வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. நீண்ட தலைமுடி, கிட்டார், வர்ணம் பூசிய வான், கஞ்சா. அதே பாதையில், அதே பஸ்களில், எதிர்த்திசையில் யாழ்ப்பாணத்துப் பெடியளும் போனோம். ஊர் பார்க்கப் போகவில்லை, ஊரை விட்டுப் போனோம்.

1977 ஆகஸ்ட் கலவரத்தில் தெற்கிலே அடிபட்டு வந்த சனம் எங்கள் பள்ளிக்கூடங்களில் பாய் விரித்துப் படுத்ததைக் கண்ணால் கண்டவன் நான். பல்கலைக்கழக அனுமதியில் கொண்டுவந்த தரப்படுத்தலால் கம்பஸ் கிடைக்காத பெடியள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். அம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. அடுத்த வருடக் கடைசியில் நானும் மச்சானும் தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். இராமேஸ்வரம், சென்னை, டில்லி, அமிர்தசரஸ் எல்லாம் ரயில். வாகா எல்லையைப் பெட்டி தூக்கி நடந்து கடந்தோம். பாகிஸ்தானில் ஸியாவின் இராணுவ ஆட்சி. முன்னாள் பிரதமர் பூட்டோ மரணதண்டனைக் கைதி. அங்கே மினக்கெடாமல் பெஷாவரில் பஸ் எடுத்துக் கைபர் கணவாயைத் தாண்டினோம்.

காபூலில் அந்த ஏப்ரல் 27இல் புரட்சி நடந்து, ஜனாதிபதி தாவூதைக் குடும்பத்தோடு சுட்டுக் கொன்றிருந்தார்கள். தாக்குதலுக்கு வந்த டாங்கி ஒன்று மாளிகைக்கு அருகே மேடையில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. தேசியக் கொடி முழுச் சிவப்பாகிச் சில வாரங்கள்தான். சிக்கன் ஸ்ட்ரீட்டில் ஆட்டுத்தோல் கோட்டும் கம்பளமும் விற்கும் கடைகள் திறந்திருந்தன, ஆனால் வாங்குவதற்கு ஆளில்லை.

நாங்கள் தங்கிய மலிவான விடுதியில் முதலாளியின் மருமகன் ஒருவன் இருந்தான். பல்கலைக்கழக மாணவன், எங்கள் வயது. காலையில் சுடச்சுட 'நான்' ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவான். தன் இங்கிலீசைத் தீட்டிக்கொள்ள எங்களோடு மணிக்கணக்கில் கதைப்பான். ஒருநாள் ரொட்டியை முதலாளியே கொண்டுவந்தார். நாங்கள் கேட்டதற்குப் பதில் இல்லை. விறகு அடுப்பைக் கிண்டிக்கொண்டே, "ஹேரத் பஸ் விடியற்காலையில் போகுது, போய்விடுங்கோ" என்று மட்டும் சொன்னார். அந்த ஆட்சி ஆசிரியர்களையும் மாணவர்களையும் முல்லாக்களையும் ஆயிரக்கணக்கில் இரவோடிரவாகக் கொண்டுபோனது பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 2013இல் நெதர்லாந்து அரச வழக்குத் தொடுநர்கள், 1978-79இல் கொல்லப்பட்ட கிட்டத்தட்ட 5,000 பேரின் பட்டியலை வெளியிட்டார்கள். பெயர், தகப்பன் பெயர், தொழில், குற்றச்சாட்டு. முழுவதையும் வாசித்தேன். அவனுடைய பெயர் அதில் பல தடவை வருகிறது. தகப்பன் பெயர் எனக்குத் தெரியாது.

காபூலிலிருந்து கந்தஹார் வரை அமெரிக்கர் போட்ட தெரு. அதற்கு அப்பால் ஹேரத் வரை சோவியத்காரர் போட்ட கொங்கிரீட் தெரு. பலகை பலகையாக வார்த்திருந்ததால் ஒவ்வொரு மூட்டிலும் பஸ் 'டக் டக்' என்று இடித்துக்கொண்டே போகும். ஈரான் எல்லையில், பிடிபட்ட போதைப்பொருள் ஒளித்து வைக்கப்பட்டிருந்த விதங்களைக் கண்ணாடிப் பெட்டிகளில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அம்மா வறுத்து இடித்துத் தந்த மிளகாய்த்தூளை அதிகாரி நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

தெஹ்ரானில் அமீர் கபீர் தெருவில் டயர்க்கடைகளுக்கு மேலே இருந்த ஹோட்டலில்தான் பயணிகள் எல்லாரும் தங்குவது. மன்னர் ஷாவுக்கு எதிரான கிளர்ச்சியில் நவம்பரில் எரிக்கப்பட்ட வங்கிகள் கரி பிடித்து நின்றன. பத்திரிகைகள் வேலைநிறுத்தம். எண்ணெய்த் தொழிலாளரும் வேலைநிறுத்தம். நாளுக்கு 50 இலட்சம் பீப்பாய்க்கு மேல் எண்ணெய் எடுத்த நாட்டில் சனம் மண்ணெண்ணெய்க்குக் கியூவில் நின்றது. பனிக்குளிரில் ஆள் நிற்க ஏலாமல் கலன்களை ஒரே கயிற்றில் கோத்து வரிசையாக விட்டிருந்தார்கள். ஒருவரும் மற்றவரின் கலனை நகர்த்தியதை நான் காணவில்லை.

கீழே டயர்க்கடை வைத்திருந்தவர் ஒரு பின்னேரம் எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். சின்னக் கண்ணாடிக் குவளையில் தேத்தண்ணி. சீனிக்கட்டியைப் பல்லிடையில் வைத்துக்கொண்டு குடிக்கவேண்டும், நாங்கள் பனங்கட்டியைக் கடித்துக் குடிப்பதுபோல. அதற்குள் ஊரடங்கு தொடங்கிவிட்டது, இரவு அங்கேயே தங்கும்படி ஆயிற்று. முஹர்ரம் மாதம். மின்சாரம் போனதும் வீட்டில் எல்லாரும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள், நாங்களும் பின்னால். இருட்டுக்குள் ஒரு கூரையில் "அல்லாஹு அக்பர்" என்று குரல் எழும்பியது. பக்கத்துக் கூரை பதில் சொன்னது. பிறகு நகரம் முழுவதும். அவருடைய தாயார், எழுபது வயதிருக்கும், கறுப்புப் போர்வையின் ஓரத்தைப் பல்லால் பிடித்திருந்தவர், அதை விட்டுவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினார். தெருவில் வெடிச்சத்தம் கேட்டபோது குனிந்தது நாங்கள் இருவரும்தான். கீழே இறங்கியதும் அந்தக் கிழவி முதலில் செய்தது, கையை வாய்க்குக் கொண்டுபோய், சாப்பிட்டீர்களா என்று எங்களைக் கேட்டது.

டிசம்பர் 11, ஆஷூரா. ஷாயாத் கோபுரத்தை நோக்கி இலட்சக்கணக்கான சனம் நடந்ததைத் தெருவோரத்தில் நின்று பார்த்தோம். அதற்குப் பிறகு அந்த ஷா திரும்ப எழும்புவார் என்று நான் நினைக்கவில்லை.

துருக்கியில் பனி. அங்கே மராஷ் நகரில் நடந்த படுகொலைக்குப் பிறகு 13 மாகாணங்களில் இராணுவச் சட்டம். இஸ்தான்புல்லில் பயணிகள் கூடும் புடிங் ஷொப் என்ற சாப்பாட்டுக் கடையில், கிழக்கே போகத் துணை தேடுபவர்கள் துண்டுக் கடிதம் குத்தும் பலகை ஒன்று இருந்தது. நாங்கள் வந்த வழியைக் கேள்விப்பட்டதும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் சுற்றி நின்று விசாரித்தார்கள். கண்டதைச் சொன்னோம். சிலர் அப்படியும் போனார்கள். ஜனவரி 16இல் ஷா ஓடினார். அந்த வருட டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் இறங்கியது. அந்தப் பாதை அத்தோடு முடிந்தது.

எண்பதுகளில் மேற்கு ஜேர்மனியில் ஓர் அகதி விடுதிக் குசினியில் தமிழரும் ஈரானியரும் ஆப்கானியரும் ஒரே அடுப்புக்குக் காத்து நின்றோம். அங்கிருந்த தெஹ்ரான் வாத்தியார் ஒருவர், அந்தக் கூரைகளில் நின்று கத்தியவர், பிறகு அந்தப் புதிய ஆட்சிக்கே பயந்து ஓடிவந்தவர். அந்த இரவைச் சொல்லு என்று என்னைத் திரும்பத் திரும்பக் கேட்பார். சொல்லி முடித்ததும், "அன்றைக்கு நாங்கள் கத்தினது சரி" என்பார். நான் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை. இன்றைக்கும் மறுக்கமாட்டேன்.