எங்கள் பெயரிலுள்ள லாண்ட்மாஸ்டர்

இருசில்லு உழவு இயந்திரத்தைக் குடாநாட்டில் எல்லோரும் 'லாண்ட்மாஸ்டர்' என்றே அழைக்கின்றோம். செம்மண் தோட்டம், சேற்று வயல், மணல் ஒழுங்கை என எங்கும் அது செல்லும். பின்னால் பெட்டியைக் கொழுவினால் வெங்காயமும் விறகும் ஏற்றலாம்.

சமூகப் பணிக்காக நான் செல்லும் பெண் தலைமைக் குடும்பங்கள் சிலவற்றில், கணவர் விட்டுச்சென்ற லாண்ட்மாஸ்டர் கொட்டிலில் நிற்கின்றது. "பிள்ளை, புத்தகம் என்ர பேரிலதான் கிடக்கு. ஆனா ஸ்ராட் பண்ண ஆளைத் தேட வேணும்" என்றார் தென்மராட்சியில் ஓர் அம்மா. ஒரு விதைப்புக் காலத்தில் அவரது இயந்திரம் இயங்கவில்லை. வந்து பார்த்தவர் பெருந்தொகை கேட்டார். விற்றுவிடுமாறு உறவினர்கள் வற்புறுத்தினர். பின்னர் வேறொருவர் பார்த்தபோதுதான், டீசல் முற்றாகத் தீர்ந்ததால் குழாய்க்குள் காற்றுப் புகுந்திருந்தது தெரிந்தது. டீசலை நிரப்பி, காற்று வெளியேற்றும் திருகாணியைத் தளர்த்தி, குமிழிகள் நிற்கும்வரை ஒழுகவிட்டு மீண்டும் இறுக்கினார். இயந்திரம் இயங்கியது. இந்தச் சிறு விடயம் தெரியாமையால் ஒரு குடும்பம் தன் உழைப்புக் கருவியையே இழந்திருக்கும்.

தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவது பெண்ணின் வேலை, லாண்ட்மாஸ்டருக்கு எண்ணெய் விடுவது ஆணின் வேலை என்று யார் பிரித்தது? 1990இன் பின்னர் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது, நீரிறைக்கும் இயந்திரத்தைச் சில துளி பெற்றோலில் தொடக்கி, மண்ணெண்ணெயில் ஓடவிட்டுத் தோட்டத்துக்கு இறைத்தவர் என் அம்மா. எனவே இயந்திரம் எமக்குப் புதிதல்ல.

நாள்தோறும் பத்து நிமிடம் போதும். இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, அணைத்தபின் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். எண்ணெய் கறுத்திருப்பது வழமை. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. இயக்காமல் திருத்துநரை அழையுங்கள். எண்ணெய் மாற்றிய திகதியை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

எமது கிணற்றுநீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு இயந்திரத்தின் நீர்த்தொட்டியிலும் படிந்து, சூடு தணிவதைத் தடுக்கும். அதற்குச் சேமித்த மழைநீரே சிறந்தது. தண்ணீர் கொதிக்கும்போது மூடியைத் திறக்க வேண்டாம்.

செம்மண் தூசு காற்று வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். அப்போது கறுப்புப் புகை வரும், டீசலும் வீணாகும். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு லீற்றரின் பெறுமதி தெரியும். பாரம் கூடினாலும் கறுப்புப் புகை வரலாம். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகின்றது என்று பொருள்; அதைத் திருத்துநர்தான் பார்க்க வேண்டும்.

பட்டிகளில் வெடிப்பு உள்ளதா, அவை தளர்ந்துள்ளனவா என்று பார்ப்பதும் அவசியம். இயந்திரம் நின்ற பின்னரே கை வையுங்கள். சேலைத் தலைப்பைச் செருகி, பின்னலை முடிந்து கட்டாமல் அருகில் செல்லவே கூடாது.

எல்லாத் திருத்தத்தையும் நாமே செய்ய வேண்டுமென்பதில்லை. ஆனால் "ஓடுதில்லை" என்று மட்டும் சொல்லும் பெண்ணுக்கும், "கறுப்புப் புகை வருகுது, வடிகட்டி கழுவிப் பார்த்தன்" என்று சொல்லும் பெண்ணுக்கும் கராஜில் கிடைக்கும் பதில் ஒன்றல்ல. பின்னவரிடம் வேண்டாத செலவைக் கட்டுவது கடினம்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் தையல் வகுப்போடு இதற்கும் ஒரு பிற்பகலை ஒதுக்கலாம். கிராமத்தில் உள்ள ஒரு லாண்ட்மாஸ்டரும், பொறுமையாகச் சொல்லித்தரும் ஒரு திருத்துநரும் போதும். அடுத்த விதைப்புக்கு முன்னரே தொடங்குவோம்.