மனாகோர்: பிள்ளையை அனுப்ப மறுத்த ஊர்

ஸ்பெயினின் மல்லோர்கா தீவில், தலைநகர் பால்மாவிலிருந்து கிழக்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் இருக்கிறது மனாகோர். மரச் சாமான்களுக்கும் செயற்கை முத்துக்கும் பெயர்போன ஊர். கண்ணாடி மணியை மீன் செதில் கலந்த குழம்பில் பலமுறை தோய்த்து, உலர்த்தி, மெருகேற்றி முத்தாக்குகிறார்கள். அவசரப்பட்டால் பளபளப்பு வராது.

22 கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வென்று 2024-ல் ஓய்வு பெற்ற ரஃபேல் நடாலும் இந்த ஊர்க்காரர்தான். அவரை உருவாக்கியவர் உள்ளூர் கிளப்பில் பயிற்சியாளராக இருந்த சித்தப்பா டோனி. கண்டிப்புக்காரர். பழைய பந்து, மோசமான ஆடுகளம் என்று முறையிட்டால் காதில் வாங்க மாட்டார். பயிற்சி முடிந்ததும் பையனே களத்தைக் கூட்ட வேண்டும். மட்டையை வீசி எறிந்தால் அன்றோடு பயிற்சி முடிந்தது. இத்தனைக்கும் அவர் ரஃபேலிடம் சம்பளம் வாங்கியதில்லை.

ரஃபேலுக்கு 14 வயதானபோது பார்சிலோனாவுக்கு வந்து பயிற்சி பெறும்படி அழைத்தது ஸ்பெயின் டென்னிஸ் சம்மேளனம். குடும்பம் மறுத்துவிட்டது. படிப்பு கெடும் என்பது ஒரு பயம். நல்ல ஆட்டக்காரனாக ஊரைவிட்டு ஓட வேண்டியதில்லை என்பது டோனியின் பிடிவாதம். சம்மேளனத்தின் பண உதவி குறைந்தது. செலவைத் தந்தை ஏற்றார். 2005-ல், முதல்முறை ஆடிய பிரெஞ்சு ஓப்பனிலேயே பட்டம் வென்றார் மகன்.

அதே மனாகோரில் 2016-ல் திறக்கப்பட்டது நடாலின் அகாடமி. ஆடுகளங்கள், விடுதி, வளாகத்திலேயே பள்ளிக்கூடம் என்று சகலமும் உண்டு. உலகின் பல மூலைகளிலிருந்தும் சிறுவர் சிறுமியர் வருகிறார்கள். வீட்டைவிட்டு அனுப்பப்படாத பையன் கட்டிய இடத்துக்கு வீட்டைவிட்டு வருகிறார்கள் மற்ற வீட்டுப் பிள்ளைகள்.

பலன் இல்லாமல் இல்லை. பிலிப்பைன்ஸின் அலெக்ஸாண்ட்ரா ஈலா 13 வயதில் இங்கே வந்தவர். 2023-ல் இங்கு நடந்த பள்ளிப் பட்டமளிப்பு விழாவில் நடாலோடும் இகா ஷ்வியான்டெக்கோடும் படம் எடுத்துக்கொண்டார். 2025 மார்ச்சில், தரவரிசையில் 140-வது இடத்திலிருந்த அவர் மயாமி ஓப்பன் காலிறுதியில் அதே ஷ்வியான்டெக்கைத் தோற்கடித்தார். பார்வையாளர் வரிசையில் டோனி இருந்தார். கோவையின் மாயா ராஜேஸ்வரனும் 2025-ல் மும்பை ஓப்பனில் அரையிறுதி வரை முன்னேறிய பிறகு பயிற்சிக்காக இதே அகாடமிக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 15.

ஆனால் ஒரு விஷயத்தை மறப்பதற்கில்லை. டோனியின் கண்டிப்பு எடுபட்டதற்குக் காரணம், களத்துக்கு வெளியே பையனுக்கு ஒரு வீடு இருந்தது. தாத்தா, பாட்டி, சித்தப்பாமார் எல்லோரும் ஒரே கட்டடத்தில் வாழ்ந்த வீடு. பகலில் வாங்கிய திட்டு ராத்திரிச் சாப்பாட்டில் கரைந்துவிடும். ஆடுகளத்தையும் பயிற்சியாளரையும் ஆண்டுக்குப் பல பத்தாயிரம் யூரோ கொடுத்து வாங்கிவிடலாம். அந்தச் சாப்பாட்டு மேசை கட்டணப் பட்டியலில் இல்லை.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆகிறவர்கள் மிகச் சிலரே. வளாகத்துக்குள் பள்ளிக்கூடம் இருப்பதே அதை ஒப்புக்கொள்வதுதான். பிள்ளையை விமானம் ஏற்றும் பெற்றோர் மட்டையைச் சோதிப்பதோடு நிறுத்தக் கூடாது. தோற்ற அன்று இரவு குழந்தை யாரிடம் பேசும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.