சத்தமும் சொல்லும்

எம் இல்லத்து முன்னறையில், குர்ஆன் வைக்கும் அலமாரிக்கு அருகே, பழைய வானொலிப் பெட்டி ஒன்று இன்றும் இருக்கிறது. எம் வாப்பா வாங்கியது. அதன் முள்ளை மயிரிழை அளவு நகர்த்தி, இரைச்சலுக்கு நடுவே ஒரு குரலைப் பிடித்துத் தருவதில் அவர் வல்லவர். நாஞ்சில் நாட்டார்க்கு இலங்கை வானொலி அயல்நாட்டு நிலையமாகத் தோன்றியதே இல்லை. கடல் கடந்து வந்த அத்தமிழைத் திண்ணைத் தமிழாகவே கேட்டு வளர்ந்தோம். அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீது பேசத் தொடங்கினால், "அந்த ழகரத்தைக் கேளு மக்கா" என்பார் வாப்பா. தமிழ் விரிவுரையாளராக யாம் இன்று வகுப்பறையில் நிற்பதற்கு முதற்பாடம் அப்பெட்டியின் அருகில்தான் கிடைத்தது.

சில ஆண்டுகளாக வாப்பாவுக்குச் செவிப்புலன் குறைந்து வருகிறது. "கால் வலிக்குதா வாப்பா?" என்று கேட்டால், "பால் வேண்டாம்" என்பார். யாம் குரலை உயர்த்தினோம். உயர்த்த உயர்த்த அவர் முகம் சுருங்கியது. ஒருநாள் மஃரிபுத் தொழுகைக்குப் பின் அவர் மெல்லச் சொன்னார்: "சத்தம் கேக்குது மக்கா. சொல்லுதான் வெளங்கல்ல. நீ எதுக்கு என்னை ஏசுத?" அதன்பின் அவர் பேச்சு குறைந்தது, எதற்கும் தலையசைப்பே விடையாயிற்று. வீடு நிறைய மக்கள் இருந்தும் அவர் தனித்திருந்தார்.

அவர் கூறிய சொல்லின் பொருளை எமக்கு விளக்கியவர் இயற்பியல் துறை நண்பர் ஒருவர். உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர். அவர் எடுத்துரைத்ததை மாணவர்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே சுருக்கித் தருகிறோம்.

குரலை வானொலி அலையின்மீது ஏற்றும் பழைய முறைக்கு வீச்சுப் பண்பேற்றம் என்று பெயர், ஏ.எம். என்று பெட்டிகளில் பொறிக்கப்பட்டிருப்பது இதுவே. ஒருவர் 7100 கிலோஹெர்ட்ஸில் பேசுகிறார் என்று கொள்வோம். தம் குரலில் 3000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளை அவர் அனுப்பினால், அக்குரல் மேலே 7103 வரையிலும் கீழே 7097 வரையிலும் பரவுகிறது. ஆக, 3 கிலோஹெர்ட்ஸ் பேச்சு பிடிக்கும் இடம் 6 கிலோஹெர்ட்ஸ். மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் சுமப்பது ஒரே செய்திதான். ஆகவே இன்று அமெச்சூர் வானொலியாளருள் பெரும்பாலோர் ஊர்தி அலையையும் ஒரு பக்கத்தையும் நீக்கிவிட்டு, மற்றொரு பக்கத்தை மட்டுமே அனுப்புகின்றனர். அதற்கு ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸ் போதும். 7000 முதல் 7200 வரையுள்ள நிலத்தை 6 வீதம் மனை பிரித்தால் 33 பேருக்கே இடமுண்டு. 3 வீதம் பிரித்தால் 66 பேர் பேசலாம்.

ஒலிபரப்பு நிலையங்களுக்கும் இத்தகைய எல்லை உண்டு. 1975ஆம் ஆண்டு ஜெனீவாவில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, நம் பகுதி நாடுகளில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தன. திருநெல்வேலிக்கு உரிய 1197, திருவனந்தபுரத்துக்கு உரிய 1161 ஆகிய எண்களை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. இடலாக்குடியிற் பிறந்த சதாவதானி செய்குதம்பிப் பாவலர் நூறு செய்திகளுக்கு ஒருங்கே செவி கொடுத்தார். வானொலிப் பெட்டிக்கு அவ்வரம் இல்லை. ஒரு குரலின்மேல் மற்றொன்று ஏறிவிட்டால் இரண்டுமே விளங்காமற் போகும்.

தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துகள் எங்கெங்கே பிறக்கின்றன என்று வகுத்தார். வானொலியாளர் கேட்கும் வினா வேறு: பிறந்த எழுத்தில் எவ்வளவு போய்ச் சேர்கிறது? உயிரெழுத்துகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகளில் இருக்கிறது. லகர ளகர ழகரங்களைப் பிரித்தறியும் அடையாளங்களும் பெரும்பாலும் 3000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகின்றன. அப்துல் ஹமீதின் ழகரம் அவ்வொடுங்கிய வழியிலும் பழுதின்றி எம் வீடு வந்து சேர்ந்த காரணம் இதுதான். ஸகரத்தின் சீறலோ 4000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் மிகுதி. 3000இல் வேலியிட்டால் ஸகரம் எது, ஃபகரம் எது என்று ஐயம் தோன்றும். மதரசாவில் ஸீனையும் ஸேயையும் பிரித்தொலிக்க உஸ்தாதிடம் நெடுநேரம் நின்று பயின்றவர்க்கு இவ்விழப்பு நன்கு விளங்கும். எனவேதான் வானொலியாளர் எழுத்தை உரக்கக் கூவுவதில்லை. அவ்வெழுத்துக்கு ஒரு சொல்லைத் தருகின்றனர். எஸ் என்றால் சியரா; எஃப் என்றால் ஃபாக்ஸ்ட்ராட்.

உரக்கக் கூவினால் என்ன ஆகும் என்று கேட்டோம். ஏ.எம். முறையில் குரலின் அளவு நூறு விழுக்காட்டைத் தாண்டினால் ஊர்தி அலை இடையிடையே அறுந்துபோகுமாம். குரல் சிதையும், சிதைந்த துணுக்குகள் உரிய எல்லையைக் கடந்து அண்டை அலைகளிலும் தெறிக்கும். பேசியவருக்கும் பயனில்லை, அயலாருக்கும் இடையூறு.

யாம் வாப்பாவை நினைத்துக்கொண்டோம். முதுமையில் செவி முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வுகளையே. ககரம், பகரம், சகரம் போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் நுண்ணிய ஒலிகள் அங்கே கரைந்துபோகின்றன. உயிரொலி மட்டும் எஞ்சுகிறது. காலும் பாலும் அவருக்கு ஒன்றாகிவிட்டமை இதனால்தான். கத்தும்போது உயிரொலி பெருக்கிறதேயன்றி மெய் தெளிவதில்லை. சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை என்று அவர் சொன்னதில் இயற்பியலே அடங்கியிருந்தது. அவர் குறையைச் சொன்னார். யாம் அதைக் கோபத்தால் நிரப்பியிருந்தோம்.

மருத்துவர் கூறியபடி செவித்துணைக் கருவி வாங்கினோம். அதனினும் கடினமாக இருந்தது எம் பழக்கத்தை மாற்றுவதே. இப்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, அவர் எதிரே அமர்ந்து, முகம் தெரியுமாறு, இடைவிட்டுப் பேசுகிறோம். ஒரு சொல் விளங்காவிடில் அதையே திரும்பக் கூறாமல் வேறு சொல்லைத் தருகிறோம். "முட்டு வலி கொறஞ்சிருக்கா வாப்பா?" என்று கேட்ட முதல் நாளில், அவர் தலையசைக்கவில்லை. வலது முட்டில் தொடங்கி, இளமையில் வயல் வரப்பில் விழுந்த கதைவரை அரைமணி நேரம் பேசினார்.

மாணவச் செல்வங்களே! மொழியைக் கற்பவர் ஒலிப்பைக் கற்றால் மட்டும் போதாது. கேட்பவர் செவிக்கு எது எட்டும் என்பதையும் கற்க வேண்டும். வீட்டிலும் மேடையிலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும், தேவைக்கு மேல் இடம் பிடிக்கும் குரல் அண்டை வீட்டார் உரிமையைத் தொடுகிறது. குரலைத் தாழ்த்திக்கொள்ளுமாறு லுக்மான் தம் மகனுக்கு உரைத்த அறிவுரை திருமறையில் இடம்பெற்றிருப்பதை யாவரும் அறிவோம். அதைப் பலமுறை ஓதியிருந்தும், அதன் பொருளை எம் வாப்பாவின் எதிரே அமர்ந்தபோதுதான் உணர்ந்தோம்.

நேற்று மாலை அவர் பழைய பெட்டியைத் திறந்து முள்ளை நகர்த்திக்கொண்டிருந்தார். இரைச்சல்தான் வந்தது. எம்மைப் பார்த்துச் சிரித்து, "நீயே பேசு மக்கா" என்றார்.