டொமினிக்காவும் அம்மாவின் மாற்றுச் சாவியும்

போன வாரம் எனக்கு நைட் ஷிஃப்ட். 'ராணுவமே இல்லாத நாடுகள்' என்று ஒரு குட்டி ஸ்டோரி எழுதச் சொன்னார்கள். கரீபியன் கடலில் இருக்கும் டொமினிக்கா தீவில் ராணுவம் இல்லை என்று படித்ததும், "படகுல பத்து பேர் போனா நாட்டையே பிடிச்சிடலாம்!" என்று தலைப்பு வைத்துவிட்டுச் சிரித்தேன்.

மேலே படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. 1981-ல் உண்மையிலேயே அப்படி ஒரு கும்பல் கிளம்பியிருக்கிறது. பிரதமர் யூஜீனியா சார்லஸின் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் படகு ஏறும் முன்பே பத்து பேரும் ஆயுதங்களோடு பிடிபட்டார்கள். சொந்த ராணுவத்தின் மேலேயே சந்தேகம் வந்து, அதே வருடம் அரசு அதைக் கலைத்துவிட்டது.

அப்புறம் யார் காவல்? அக்கம்பக்கம்தான். 1982 அக்டோபரில் டொமினிக்கா, பார்படாஸ், ஆன்டிகுவா-பார்புடா, செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட் என ஐந்து நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டன. ஒரு நாட்டுக்கு ஆபத்து என்றால், மற்ற நாடுகள் தங்கள் போலீஸையும் வீரர்களையும் அனுப்பும். செயின்ட் கிட்ஸும் கிரெனடாவும் பிறகு சேர்ந்தன. 2004-ல் ஐவன் சூறாவளி கிரெனடாவைப் புரட்டிப்போட்டபோது, பக்கத்துத் தீவுக்காரர்கள்தான் வந்து இறங்கினார்கள்.

எல்லாமே நல்ல கதை இல்லை. 1983-ல் அமெரிக்கப் படை கிரெனடாவுக்குள் நுழைந்தபோது இந்தத் தீவுகளில் சிலவும் கூடவே போயின. ஐ.நா. பொதுச் சபை அந்தப் படையெடுப்பைக் கண்டித்தது. சின்னவர்கள் கூடினாலும் பெரியவர்களின் நிழல் விழத்தான் செய்கிறது.

ஆனாலும் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. ஊரில் தனியாக இருக்கிறார். போன மாதம் ஒரு ராத்திரி கடுமையான காய்ச்சல். எழுந்து கதவைத் திறக்கக்கூட முடியவில்லை. எதிர்வீட்டு அத்தைதான் மாற்றுச் சாவியால் திறந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். தெருவில் மூன்று வீட்டுப் பெண்கள், நன்றாக இருக்கும்போதே பேசிவைத்து, சாவிகளை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு விஷயம் தெரிந்தது மறுநாள் காலையில்தான். அத்தையின் நம்பர்கூட என் போனில் இல்லை.

தலைப்பை மாற்றினேன்: "ராணுவம் இல்லை... அக்கம்பக்கம் இருக்கு!"

ஷிஃப்ட் முடிந்ததும் அம்மாவுக்கு போன் செய்து அத்தையின் நம்பரைக் கேட்டேன்.

"இப்பவாச்சும் கேட்டியே" என்றார்.