நீலம் கேட்டோம்... கத்திரிப்பூ வந்துச்சு!

மதுரையில் பஸ் ஏறும்போது செம கோபத்தில் இருந்தேன் மக்களே! பையில் எங்க டிபார்ட்மென்ட் ஆண்டு மலர் அஞ்சு காப்பி. பாக்கெட்டில் பிரஸ்ஸுக்குத் தர வேண்டிய பாக்கி 14,000 ரூபாய். ‘நியாயம் கேட்டுட்டுக் கொடு, இல்லேன்னா அப்படியே திருப்பிக் கொண்டா’ன்னு சொல்லித்தான் அனுப்பியிருந்தாங்க.

விஷயம் இதுதான். ஆளுக்கு 100 ரூபாய் வசூல் பண்ணி 400 காப்பி போட்டோம். அட்டை டிசைன் அடியேன். மானிட்டரில் பார்த்தா கண்ணைப் பறிக்கிற நீலம். பார்சலைப் பிரிச்சா... வாடின கத்திரிப்பூ! “இது மலரா, மார்க்கெட்ல மிச்சம் விழுந்த கத்திரிக்காயா?”ன்னு கேன்டீன் முழுக்க ஓட்டல். அதைக்கூடத் தாங்கிக்கலாம். ‘மட்டமான பிரஸ்ல கொடுத்துட்டு நடுவுல காசு அடிச்சுட்டான்’னு ஜூனியர் பசங்க பேசினது காதுல விழுந்தப்பதான் ரெண்டு நாள் சோறு இறங்கலை.

விருதுநகர் தாண்டி, திருத்தங்கல் தாண்டி, சிவகாசி. இந்த ஊரைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதெல்லாம் பட்டாசுதான். ஆனா பஸ் ஸ்டாண்டை விட்டு நடந்தா மூக்குல முதல்ல ஏறுறது அச்சு மை வாசனை. சந்துக்குச் சந்து ‘தடக் தடக்’னு மெஷின் சத்தம். வண்டி வண்டியா பேப்பர் போகுது. முருகன், மேரி மாதா, மெக்கா எல்லாரும் ஒரே கட்டில் சுருட்டிக் கிடக்காங்க. நான் போனது கார்த்திகை மாசம், காலண்டர் சீசன். ஆடிப்பெருக்கு அன்னிக்கு புது ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பிச்சாங்கன்னா, தை பிறக்கிற வரைக்கும் இந்த ஊருக்குத் தூக்கம் கிடையாது.

அச்சுத் தொழில் இங்கே வந்த கதையும் சுவாரஸ்யம். அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு பேர் கல்கத்தா போய் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு 1923-ல் ஊர் திரும்பினாங்க. தீப்பெட்டி வந்தா லேபிள் வேணும்ல? லேபிள் அடிக்க வேர் பிடிச்ச தொழில்தான் இன்னிக்கு காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம்னு விரிஞ்சு கிடக்கு.

பிரஸ்ஸுக்குள் போய், மலரை மேஜை மேல கொஞ்சம் சத்தமாவே வெச்சேன். வாயைத் திறக்கிறதுக்குள்ள, மூக்குக்கண்ணாடி போட்ட மெஷின் அண்ணாச்சி ஒருத்தர் வந்து அட்டையைப் பார்த்தார். சண்டை போடலை.

“தம்பி, டிசைன் உங்க போன்ல இருக்கா?”

எடுத்துக் காட்டினேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டு, கதவைச் சாத்தி லைட்டை அணைச்சுட்டார். கும்மிருட்டு. போன் மட்டும் நீலமா ஜொலிக்குது.

“இப்ப உங்க புஸ்தகம் எங்க தம்பி?”

காணோம்! மேஜையோட மேஜையா இருட்டுல கரைஞ்சு போச்சு.

“போன்ல இருக்கிறது வெளக்கு. தானே எரியும். பேப்பர் எரியாது. மேல விழுற வெளிச்சத்துல கொஞ்சத்தை முழுங்கிட்டு மிச்சத்தைத்தான் திருப்பித் தரும். ரெண்டும் ஒண்ணு போல இருக்கணும்னா எப்படி?”

அவ்வளவுதான், என் கோபத்துல பாதி புஸ்ஸுனு போச்சு. மூணு வருஷமா போட்டோஷாப்ல ஆர்.ஜி.பி., சி.எம்.ஒய்.கே. ரெண்டு பட்டனையும் பார்த்திருக்கேன் பாஸ். ஒரு நாள்கூட ‘எதுக்குடா ரெண்டு?’ன்னு கேட்டதில்லை.

ஸ்கிரீன்ல சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு ஒளி. எதுவும் எரியலைன்னா கறுப்பு, மூணும் முழுசா எரிஞ்சா வெள்ளை. ஒவ்வொண்ணுக்கும் 256 படி, மொத்தம் 1,67,77,216 கலர். அச்சுல கதை தலைகீழ். பேப்பர் ஆரம்பத்துலயே வெள்ளை. மை போடப் போட வெளிச்சம் குறையும். சயான் சிவப்பு ஒளியைத் தின்னும், மெஜந்தா பச்சையைத் தின்னும், மஞ்சள் நீலத்தைத் தின்னும். கணக்குப்படி மூணையும் சேர்த்தா கறுப்பு வரணும். நிஜத்துல வர்றது சேத்துப் பழுப்பு. அதனால கறுப்பு தனியா நாலாவது மை. ‘கே’ங்கிற எழுத்து ‘கீ பிளேட்’லருந்து வந்தது. மத்த பிளேட்டையெல்லாம் அதை வெச்சுத்தான் பொருத்துவாங்க.

சிவகாசியில இதைப் புரிஞ்சுக்கிறது ஒரு வகையில ரொம்ப ஈஸி. ஒரே ஊர்ல ரெண்டு வகைக் கலரும் செய்யறாங்களே! வாணவெடியில சிவப்பு வேணும்னா ஸ்ட்ரான்ஷியம், நீலத்துக்குத் தாமிரம். பச்சைக்குப் போட்ட பேரியத்துக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டுடுச்சு. அதெல்லாம் எரியற கலர். அதே வெடியைப் படமா பெட்டி மேல அடிக்கும்போது, அந்தச் சிவப்பு வெறும் மெஜந்தாவும் மஞ்சளும். வானத்துல வெடிக்கிற நீலத்தைப் பெட்டி மேல கொண்டுவர முடியாதுன்னு இந்த ஊருக்கு எப்பவோ தெரியும். எனக்குத்தான் தெரியலை.

அண்ணாச்சி ஒரு குட்டி லென்ஸை அட்டை மேல வெச்சுப் பார்க்கச் சொன்னார். ஆஹா! நான் நீலம்னு நினைச்சது பூராவும் புள்ளி. சயான் புள்ளிகளுக்கு நடுவுல மெஜந்தா புள்ளிகள், மார்கழிக் கோலம் மாதிரி வரிசையா. வரிசை ஒண்ணு மேல ஒண்ணு மோதி அலை அலையா தெரியக் கூடாதுன்னு ஒவ்வொரு கலரையும் ஒவ்வொரு கோணத்துல சாய்ப்பாங்களாம். பொதுவா சயான் 15 டிகிரி, கறுப்பு 45, மெஜந்தா 75, மஞ்சள் நேரா. நம்ம கண்ணுதான் ஏமாந்து எல்லாத்தையும் கலந்து பார்க்குது.

“உங்க நீலம் எவ்வளவு தம்பி?”

“0, 0, 255 அண்ணாச்சி.”

சிரிச்சுட்டார். ஸ்கிரீன்ல அதைவிட அடர்த்தியான நீலமே கிடையாது. அதை அப்படியே அச்சு மோடுக்கு மாத்தினா சயான் சுமார் 88, மெஜந்தா 77னு வரும். மெஜந்தா அவ்வளவு தூக்கலா இருந்தா கத்திரிப்பூ வராம வேற எது வரும்? “மெஜந்தாவை 60-க்கு இறக்கி, சயானை 100 வெச்சிருந்தா நல்ல நீலம் கெடைச்சிருக்கும். ஸ்கிரீன் மாதிரி மின்னாது. ஆனா நீலம்.” பளீர் பச்சை, ரேடியம் ஆரஞ்சுக்கும் இதே கதிதான். கட்டாயம் வேணும்னா ஸ்பெஷல் கலர்னு தனி மை, தனி பிளேட், தனிச் செலவு. நம்ம சிம்போசியம் பட்ஜெட்டுக்கு ஆகற காரியமா அது?

இன்னொண்ணும் சொன்னார். பொடி எழுத்தை நாலு கலர்ல போடவே கூடாதாம். பிளேட் துளி நகர்ந்தாலும் எழுத்துக்குப் பின்னாடி பேய் நிழல் விழும். தனிக் கறுப்பு போதும். போன வருஷ இன்விடேஷன்ல பிரின்சிபால் பேர் ரெட்டையா தெரிஞ்சது ஏன்னு இப்பதான் புரிஞ்சது.

கடைசியா, விட்டுக் கொடுக்க மனசில்லாம கேட்டேன். “அப்ப முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி?”

“ப்ரூஃப் அனுப்பினோமே தம்பி, பஸ் பார்சல்ல. நீங்க போன்ல ‘சூப்பர், அடிங்க’ன்னு சொன்னீங்கல்ல?”

சொன்னேன். வாட்ஸ்அப்ல வந்த படத்தைப் பார்த்துட்டுச் சொன்னேன். பார்சல்? கட்டிலுக்கு அடியில, செமஸ்டர் டென்ஷன்ல பிரிக்காமலே கிடக்கு.

14,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். அண்ணாச்சி அதுல 500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, “பசங்க வசூல் பண்ண காசு, பார்சல் செலவை நான் பார்த்துக்கிறேன்”னார். வேண்டாம்னு எவ்வளவு சொல்லியும் கேட்கலை. ஓடிக்கிட்டிருந்த மெஷின்லருந்து ஒரு வேஸ்ட் ஷீட்டையும் உருவிக் கொடுத்தார். ஓரத்துல நாலு கலர் கட்டமும் பளிச்சுனு இருந்தது.

ஹாஸ்டலுக்கு வந்ததும் பேக்கைக்கூடக் கழட்டாம கட்டிலுக்கு அடியில நுழைஞ்சேன். தூசி தட்டிப் பார்சலைப் பிரிச்சா உள்ளே அதே அட்டை, அதே கத்திரிப்பூ. ஓரத்துல பென்சிலால எழுதியிருந்தது: ‘தம்பி, நீலம் இப்படித்தான் வரும். சம்மதமா? பார்த்துட்டு போன் பண்ணவும்.’