மஞ்சாடியும் கிழித்த தாளும்

கோலாலம்பூரின் செராஸில் அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கும் பாலர் பள்ளிக்கு நான் போனபோது காலை ஏழரை. பிள்ளைகள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. டீச்சர் தரையில் உட்கார்ந்து தட்டுத் தட்டாகப் பொருள் பிரித்துக்கொண்டிருந்தார். தையல்கடையில் வாங்கிவந்த சேலைத் துணுக்குகள், பாத்தேக் துண்டுகள், முட்டை அட்டை, பழைய நாளிதழ்கள், ஒரு டப்பா நிறையச் சிவப்பு விதைகள். பிள்ளைகள் செய்யப்போகும் ஒட்டுப்படத்தில் பாதி வேலை இந்தப் பிரிப்பிலேயே முடிந்துவிடுகிறது. அதை யாரும் பார்ப்பதில்லை.

அந்த விதை மஞ்சாடி. மலாயில் சாகா. 1985இல் வந்த புரோட்டோன் சாகா காருக்கு இதன் பெயரைத்தான் வைத்தார்கள். டீச்சர் ஒவ்வொரு விதையையும் புரட்டிப் பார்த்தார். கறுப்புப் பொட்டு இருந்தால் அது குன்றிமணி, கொடிய விஷம்.

"ஒண்ணு கலந்தாலும் ஆபத்து சார். மூணு வயசுப் பிள்ளைங்களுக்கு எந்த விதையுமே கொடுக்க மாட்டேன், வாயில போட்டுக்கும்."

நாளிதழ்க் கட்டின் அடியில் ஒரு 'தமிழ் நேசன்' கிடந்தது. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன ஏடு. அதை மட்டும் உருவித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிள்ளைகள் வந்ததும் முதலில் கிழிப்பு. கத்தரிக்கோல் பிறகுதான், கிழிக்கக் கிழிக்கத்தான் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பென்சில் பிடிக்கத் தேறும். ஒரு பையன் தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தான், நேராக வந்தது. குறுக்கே இழுத்தான், கோணிக்கொண்டு போனது. ஆலையில் தாள் ஓடும் திசையிலேயே நார்கள் படிந்துவிடுவதால் அப்படி. டீச்சர் எதையும் விளக்கவில்லை. அவனே நேர்க்கீற்றுகளை மழையாக்கினான், கோணல் துண்டுகளை மலையாக்கினான். நான் அங்கே பார்த்ததில் இதைவிட நல்ல பாடம் வேறில்லை.

ஒட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. அடியில் மெல்லிய தாள், அதன்மேல் துணி, கடைசியில் விதை. போத்தல் மூடியில் கொஞ்சமாக வெள்ளைப் பசை. பசை கூடினால் தாள் சுருங்கும். அட்டை வளையாமல் இருக்க முதல்நாளே பின்பக்கமும் தாள் ஒட்டிவைத்திருந்தார்.

ஒரு சிறுமி செய்தித்தலைப்பிலிருந்து 'ண' எழுத்தைக் கிழித்தெடுத்து முகத்தின் உச்சியில் ஒட்டினாள்.

"பாட்டியோட சுருட்டை முடி," என்றாள்.

அழைத்துப்போக வந்த தாத்தா ஒருவர், "இதெல்லாம் படமா?" என்று உண்மையாகவே கேட்டார். 1912இல் பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியைத் தன் ஓவியத்தில் ஒட்டிச் சுற்றிலும் கயிறு கட்டியதைச் சொன்னேன். அவர் அந்தச் சுருட்டை முடியை மறுபடி குனிந்து பார்த்தார்.

கோலாலம்பூர்ப் புழுக்கத்தில் மதியம்வரை எதுவும் காயவில்லை. விசிறிக்குக் கீழே அட்டைகள் படுத்துக் கிடந்தன. பசை கண்ணாடியாகத் தெளிந்த பிறகுதான் அவை வீட்டுக்கு. பையை மாட்டிக்கொண்ட சிறுமி, பாட்டியின் முடியில் ஒரு விரலை மெல்ல வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் வெள்ளையா இருக்கு டீச்சர்."